ஜெட்டும் பழைய புரொப்பல்லர் விமானமும் மோதினால்?

2024 அக்டோபர் 7, இரவு

நேற்று மெரினாவில் விமானப்படையின் சாகச நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு ராயபுரம் திரும்பியதிலிருந்து ஒரு கேள்வி மனத்தில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வெயிலிலும் நெரிசலிலும் ஐந்து பேர் இறந்த செய்தியைக் கேட்ட பிறகு அந்த நிகழ்ச்சியைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத மனம் வரவில்லை. ஆகையால் கேள்வியை மட்டும் எழுதுகிறேன். ரஃபேலும் சுகோயும் இடி முழக்கிக்கொண்டு போன அதே வானத்தில் பழைய டகோட்டாவும் ஹார்வர்டும் நிதானமாகப் பறந்தன. ஹார்வர்டு போன்ற ஒரு புரொப்பல்லர் விமானமும் ஒரு ஜெட் போர் விமானமும் உண்மையாகவே மோதினால், பழையதற்கு ஏதேனும் வாய்ப்பு உண்டா?

என் கருத்து: இல்லை. தொண்ணூறுகளில் எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்த புதிதில் 'த ஃபைனல் கவுண்ட்டவுன்' என்ற 1980ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். நிமிட்ஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் ஒரு புயலில் சிக்கி, ஜப்பான் அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரைத் தாக்கியதற்கு முந்தைய நாளான 1941 டிசம்பர் 6க்குப் போய்விடுகிறது. அங்கே இரண்டு எஃப்-14 டாம்கேட் விமானங்கள் ஜீரோ என்ற இரண்டு ஜப்பானியப் புரொப்பல்லர் போர் விமானங்களைச் சுற்றிச் சுற்றி விளையாடிவிட்டு, உத்தரவு வந்ததும் வீழ்த்துகின்றன. அந்தச் சில நிமிடங்களைப் போல என்னைக் கட்டிப்போட்ட விமானக் காட்சி வேறு இல்லை. ஆனால் முப்பது ஆண்டுகள் கழித்து யோசிக்கும்போது, டாம்கேட் அவ்வளவு அருகில் ஏன் போனது என்றுதான் தோன்றுகிறது. அதன் ஃபீனிக்ஸ் ஏவுகணை நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அடிக்கக்கூடியது. ஜீரோவின் விமானி தன்னை யார் அடித்தது என்றுகூட அறிந்திருக்க மாட்டார்.

2024 அக்டோபர் 8, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். படத்தில் ஜீரோவாக வருவது ஜீரோ அல்ல. அது அமெரிக்கப் பயிற்சி விமானமான டி-6 டெக்சன், 'டோரா! டோரா! டோரா!' என்ற 1970ஆம் ஆண்டுப் படத்துக்காக ஜீரோவைப் போல உருமாற்றப்பட்டவற்றுள் சேர்ந்தது. இந்த டெக்சனுக்குப் பிரிட்டிஷார் வைத்த பெயர்தான் ஹார்வர்டு. அதாவது கேபிளில் ஜீரோ என்று நம்பி நான் பார்த்த விமானத்தின் உடன்பிறப்பைத்தான் முந்தாநாள் மெரினாவில் நேரில் பார்த்திருக்கிறேன். பார்த்த நேரத்தில் இது எனக்குத் தெரியாமல் போனதில் வருத்தமே.

2024 அக்டோபர் 8, மாலை

இந்த உருமாற்றம் காட்சியின் தன்மையையே மாற்றிவிட்டது என்பதால் இன்னும் கொஞ்சம் எழுதுகிறேன். உண்மையான ஜீரோ மணிக்குச் சுமார் 530 கிலோமீட்டர் வேகத்தில் போகும். டெக்சனால் சுமார் 335 கிலோமீட்டரைத்தான் தொட முடியும். ஒலியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் போகக்கூடிய டாம்கேட்டை டெக்சனோடு திரையில் ஒரே ஃபிரேமுக்குள் காட்ட வேண்டும் என்றால், டாம்கேட் தன் இறக்கைகளை முழுவதுமாக விரித்துக்கொண்டு, ஏறத்தாழ இறங்கும் நேரத்து வேகத்தில் ஊர்ந்தாக வேண்டும். வேகத்துக்கு ஏற்ப 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னோக்கி மடங்கும் இறக்கை அது. ஒரு காட்சியில் அது கடல் மட்டத்துக்கு அச்சம் தரும் அளவுக்கு நெருங்கி வந்து மீள்கிறது. அங்கே தந்திரக் காட்சி எதுவும் இல்லை. வேகத்தை இழந்த ஒரு கனமான விமானத்தை ஒரு விமானி உயிரைப் பணயம் வைத்து மீட்டிருக்கிறார். அந்த ஒரு கணத்தில் மட்டும், துப்பாக்கி இல்லாத அந்தப் பயிற்சி விமானத்தின் கையே ஓங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

2024 அக்டோபர் 10

ஜெட் ஏன் அப்படித் தடுமாற வேண்டும் என்று இந்தக் குறிப்புகளைப் படித்த தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த கணக்கைச் சொல்கிறேன், தம்பி.

ஒரு விமானம் திரும்பும்போது அது போடும் வட்டத்தின் ஆரம், வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இரண்டு விமானங்கள் ஒரே அளவு அழுத்தத்தோடு, உதாரணத்துக்குப் புவியீர்ப்பைப்போல் நான்கு மடங்கு அழுத்தத்தில், திரும்புவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 300 கிலோமீட்டரில் போகும் விமானத்துக்கு ஏறத்தாழ 180 மீட்டர் ஆரமுள்ள வட்டம் போதும். மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானத்துக்கு 1,600 மீட்டருக்கும் மேல் வேண்டும். வேகம் மூன்று மடங்கு, வட்டம் ஒன்பது மடங்கு. மெதுவானது 14 விநாடியில் முழு வட்டம் அடித்துவிடும். வேகமானதற்கு 40 விநாடிக்கு மேல் ஆகும். முன்னால் திரும்புகிறவனைப் பின்தொடர்ந்து திரும்ப நினைக்கும் ஜெட், அவனைத் தாண்டி ஓடிப்போய் அவனுடைய துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும். தாண்டாமல் இருக்க வேகத்தைக் குறைத்தால், இறக்கையின் தூக்குவிசை போய் ஸ்டால் ஆகும்.

காசிமேட்டில் முப்பத்தைந்து ஆண்டுகள் படகு இன்ஜின் பழுது பார்த்தவன் என்பதால் எனக்கு இது தண்ணீரில் பார்த்த விஷயமாகவே படுகிறது. ஒருமுறை ஓவர்ஹால் முடிந்த ஒரு விசைப்படகைச் சோதித்துப் பார்க்கத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோனோம். அவுட்போர்டு இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகில் வந்த ஓர் இளைஞன் எங்களைச் சுற்றி வளைய வந்து கூப்பிட்டான். எங்கள் படகு ஓட்டுநருக்கு ரோஷம் வந்துவிட்டது. முழு வேகத்தில் சுக்கானை ஒடித்து அவனோடு திரும்பினார். படகு ஒருபுறம் சாய்ந்து, கட்டாமல் வைத்திருந்த டீசல் பீப்பாய் உருண்டு வந்து என் கணுக்காலை நசுக்கியது. மூன்று வாரம் பட்டறைக்குப் போகவில்லை. படுத்திருந்த நாட்களில் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எங்கள் படகு நேராகப் போயிருந்தால் அந்தப் பையனால் எங்களை நெருங்கவே முடிந்திருக்காது. வேகமாகப் போகக்கூடியவன் கையில்தான் சண்டை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு இருக்கிறது. திரும்பியதும் அந்த முடிவை அவன் மற்றவனுக்குக் கொடுத்துவிடுகிறான்.

2024 அக்டோபர் 13

முதல் நாளில் நான் 'இல்லை' என்று எழுதியது தவறு. 'கொரியாவை மறந்துவிட்டீர்களே ஐயா' என்று வியாசர்பாடி நண்பர் ஒருவர் எழுதியதும் வெட்கமாகப் போய்விட்டது. மறக்கவில்லை; அதன் எடையை உணராமல் இருந்தேன்.

கொரியப் போரில், 1952 ஆகஸ்ட் 9 அன்று, ஓஷன் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து புறப்பட்ட நான்கு சீ ஃபியூரி விமானங்களை எட்டு மிக்-15 ஜெட்டுகள் தாக்கின. சீ ஃபியூரி புரொப்பல்லர் விமானங்களிலேயே மிக வேகமானவற்றுள் ஒன்று, மணிக்குச் சுமார் 740 கிலோமீட்டர். மிக்-15 ஆயிரத்தைத் தாண்டும். ஆயினும் ஒரு மிக் வீழ்ந்தது. வீழ்த்தியவர் என்ற பெருமை கார்மைக்கேல் என்ற விமானிக்குக் கிடைத்தது. அதே அணியில் பறந்த இன்னொருவர், தான்தான் வீழ்த்தியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னதும் பதிவாகியிருக்கிறது. யாருடைய குண்டாக இருந்தாலும் அது புரொப்பல்லர் விமானத்தின் குண்டு.

வியட்நாமில் நடந்தது இன்னும் ஆச்சரியமானது. 1965 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் மிட்வே கப்பலிலிருந்து கிளம்பிய ஸ்கைரைடர்கள், வீழ்ந்த ஒரு விமானியைத் தேடி மீட்கும் வேலையில் இருந்தன. ஸ்கைரைடர் இரண்டாம் உலகப் போரின் முடிவில் வடிவமைக்கப்பட்ட, தரைத்தாக்குதலுக்கான கனமான புரொப்பல்லர் விமானம். மிக்-17 ஜெட்டுகள் வந்ததும் அவை ஓடித் தப்பிக்க முயலவில்லை. சுமந்திருந்தவற்றை உதறிவிட்டு, மலைச்சரிவை ஒட்டித் தாழ்வாக இறங்கி, திரும்பிக்கொண்டே இருந்தன. ஒரு மிக் கூடவே திரும்ப, இரண்டு ஸ்கைரைடர்கள் தங்கள் 20 மில்லிமீட்டர் பீரங்கிகளால் அதை வீழ்த்தின. ஜான்சன், ஹார்ட்மன் என்ற இருவருக்கும் அந்த வெற்றி பாதிப் பாதி எழுதப்பட்டது. அடுத்த ஆண்டு அக்டோபரிலும் ஸ்கைரைடர் ஒன்று இன்னொரு மிக்-17ஐ வீழ்த்தியது.

மூன்று நிகழ்வுகளிலும் புரொப்பல்லர் விமானம் ஜெட்டைத் துரத்திப் பிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஜெட் தானாக வந்து வட்டத்துக்குள் நுழைந்தது.

2024 அக்டோபர் 14

கொரியாவில் இன்னொரு நாள். 1952 செப்டம்பர் 10 அன்று அமெரிக்க மரீன் விமானி ஃபோல்மர், கோர்சேர் என்ற புரொப்பல்லர் விமானத்தில் ஒரு மிக்-15ஐ வீழ்த்தினார். கொஞ்ச நேரத்தில் இன்னொரு மிக் அவருடைய விமானத்தைச் சிதைத்தது. அவர் பாராசூட்டில் குதித்துக் கடலில் விழுந்து மீட்கப்பட்டார். முதல் மிக் அவரோடு வட்டமடித்துத் திரும்பியது; இரண்டாவது திரும்பாமல் மேலிருந்து பாய்ந்து அடித்துவிட்டுப் போனது என்றே நான் நினைத்துக்கொள்கிறேன். அந்த இரண்டாவது மிக்கைப் பற்றி யாரும் படம் எடுக்க மாட்டார்கள். மேலிருந்து ஒருமுறை பாய்ந்துவிட்டுப் போய்விடுகிறவனைத் திரையில் எவ்வளவு நேரம் காட்ட முடியும்?

2024 அக்டோபர் 19

ஜெர்மனியின் மெ 262ஐப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சு நகராது. போரில் இறங்கிய முதல் ஜெட் போர் விமானம் அது; 1944இல் வந்தது. மணிக்குச் சுமார் 870 கிலோமீட்டர் போகும். அதை எதிர்த்த அமெரிக்க பி-51 மஸ்டாங்கால் 700தான் முடியும். வானத்தில் நேருக்கு நேர் ஓட்டத்தில் மஸ்டாங்குக்கு வழியே இல்லை. ஆனால் மஸ்டாங் விமானிகளும் பிரிட்டிஷ் டெம்பெஸ்ட் விமானிகளும் அதன் ஓடுதளங்களுக்கு மேலே போய்க் காத்திருந்தார்கள். எந்த ஜெட்டும் ஒரு நேரத்தில் இறங்கித்தானே ஆக வேண்டும். பிற்பாடு 1947இல் ஒலித்தடையை முதலில் தாண்டிய யேகர், 1944 நவம்பரில் ஒரு மெ 262ஐ வீழ்த்தியது அது தரையிறங்க வந்த வேளையில்தான். ஜெர்மானியர்கள் கடைசியில் தங்கள் ஜெட்டுகள் ஏறி இறங்கும் நேரத்தில் காவலுக்குப் புரொப்பல்லர் போர் விமானங்களையே நிறுத்த வேண்டியிருந்தது.

இந்த விமானத்தைப் பற்றிப் படிக்கும்போது என் கண் போவது இன்ஜின் மேல்தான். ஜூமோ 004 என்ற அந்த இன்ஜினுக்குத் தேவையான நிக்கலும் குரோமியமும் ஜெர்மனியிடம் போதிய அளவில் இல்லை. சாதாரண எஃகின் மேல் அலுமினியம் பூசிச் சமாளித்தார்கள். ஆகையால் அது 10 மணி முதல் 25 மணி நேரம் வரைதான் தாங்கியது. எங்கள் விசைப்படகு ஒருமுறை கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் அந்த ஆயுள் பலமுறை முடிந்துவிடும். எரிபொருளைச் சட்டென்று கூட்டினால் இன்ஜின் அணைந்துவிடும் அல்லது தீப்பிடிக்கும். இறங்க வந்து வேகம் குறைந்த நிலையில் பின்னால் மஸ்டாங்கைப் பார்த்த விமானிக்கு, முடுக்கத் துணிந்தால் ஒரு சாவு, முடுக்காவிட்டால் இன்னொரு சாவு. வேகம் என்பது விமானத்தோடு பிறந்த குணம் என்று படங்கள் காட்டுகின்றன. என் அனுபவத்தில் அது இன்ஜின் கடன் கொடுப்பது. நல்ல உலோகம் இல்லாத இடத்தில் அந்தக் கடன் கிடைக்காது.

2024 அக்டோபர் 20

பி.ஓ-2 பற்றி நினைவூட்டியவருக்கு நன்றி. மரமும் துணியும் கொண்டு செய்த சோவியத் இரட்டை இறக்கை விமானம் அது. உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீட்டர்தான். கொரியாவில் இரவு நேரத்தில் வந்து குண்டு போட்டுத் தூக்கத்தைக் கெடுத்தது. 1953இல் அதைத் துரத்த வேகத்தை அளவுக்கு மீறிக் குறைத்த எஃப்-94 ஜெட் ஒன்று திரும்பி வரவில்லை.

2024 அக்டோபர் 27

இந்த ஒரு வாரமாக வேறு ஒரு திசையில் யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெட், புரொப்பல்லர் என்று பிரித்ததே சரியா?

என் பாட்டி ராயபுரத்திலேயே பிறந்து ராயபுரத்திலேயே இறந்தவர். 1942 ஏப்ரலில் 'ஜப்பான்காரன் வர்றான்' என்று நகரமே காலியானபோது, அவருடைய குடும்பம் மாட்டு வண்டியில் செங்கல்பட்டுப் பக்கம் போய் இரண்டு மாதம் தங்கியது. மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றதைப் பற்றி அவர் சொல்லும்போது, ஜப்பான்காரனை விட்டுவிட்டுச் சிங்கத்துக்காக அழுவார். 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் ஒன்று துறைமுகப் பக்கம் குண்டு போட்டபோது ஊர் திரும்பியிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார்.

1942இல் எங்கள் ஆட்களைப் பயந்து ஓட வைத்த கப்பல் படையில் இருந்த ஐந்து பெரிய விமானந்தாங்கிகளும் நான்கு மாதங்களுக்கு முன் பேர்ல் ஹார்பரைத் தாக்கியவையே. படத்தில் டாம்கேட்டோடு விளையாடும் ஜீரோ எங்கிருந்து வந்ததாகக் கதை சொல்கிறதோ, அதே கப்பல்களின் ஜீரோக்கள் ஏப்ரல் 5இல் கொழும்பின் மேலும், 9இல் திருகோணமலையின் மேலும் பறந்தன. கொழும்பில் அவற்றைச் சந்தித்தவை பிரிட்டிஷ் ஹரிக்கேன்கள். அவையும் புரொப்பல்லர் விமானங்களே. ஜீரோவோடு வட்டமடிக்கப் போய்ப் பல வீழ்ந்தன. அதே 5ஆம் தேதி காலை திருகோணமலையிலிருந்து டார்பிடோ சுமந்து வந்த ஆறு ஸ்வார்டுஃபிஷ் விமானங்கள் ஜீரோக்களின் வழியில் அகப்பட்டன. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள், மணிக்கு 220 கிலோமீட்டர் போகக்கூடியவை. ஆறும் வீழ்ந்தன.

அங்கே ஜெட்டின் இடத்தில் இருந்தது ஜீரோ. ஸ்வார்டுஃபிஷுக்கு முன்னால் அதுதான் வேகமானது, புதியது. இந்தப் படத்தைப் பார்த்தபோது ஜீரோ விமானிகளுக்காக நான் இரக்கப்பட்டிருக்கிறேன். கொழும்பைப் பற்றிப் படித்த பிறகும் அந்த இரக்கம் போகவில்லை. ஆனால் ஸ்வார்டுஃபிஷில் இருந்தவர்களும் அதில் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

2024 நவம்பர் 2

'நம் நாட்டில் ஜெட்டும் புரொப்பல்லரும் மோதியது உண்டா' என்று கேட்டவருக்குப் பதில் எழுத ஐந்து நாட்கள் எடுத்துக்கொண்டேன். உண்டு. ஆனால் 'மோதியது' என்ற சொல் அங்கே பொருந்தவில்லை.

1965 செப்டம்பர் 19 அன்று, போர் நிறுத்தத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, குஜராத் முதல்வர் பல்வந்த்ராய் மேத்தாவும் அவர் மனைவியும் பயணித்த பீச்கிராஃப்ட் விமானம் கட்ச் எல்லைப் பகுதியில் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டால் சுட்டு வீழ்த்தப்பட்டது. இரண்டு இன்ஜின் கொண்ட புரொப்பல்லர் பயணி விமானம் அது. விமானிகளையும் சேர்த்து எட்டுப் பேர் இறந்தார்கள். அதை ஓட்டிய ஜஹாங்கீர் இன்ஜினியர் நம் விமானப்படையில் பணியாற்றியவர். ஜெட்டைப் பார்த்ததும் அவர் இறக்கைகளை இருபுறமும் ஆட்டிக் காட்டினார். 'நான் போர் விமானம் அல்ல, விட்டுவிடு' என்பது அதன் பொருள். சுட்ட விமானி கைஸ் உசேன் தரைக் கட்டுப்பாட்டிடம் கேட்டுக் காத்திருந்தார். சுடச் சொல்லி உத்தரவு வந்தது, சுட்டார். 46 ஆண்டுகளுக்குப் பிறகு, 2011இல், ஜஹாங்கீர் இன்ஜினியரின் மகளுக்கு அவர் வருத்தம் தெரிவித்து மின்னஞ்சல் எழுதினார். மகள் கசப்பில்லாமல், மன்னித்துப் பதில் எழுதினார்.

1971 டிசம்பர் 10 அன்று நம் கடற்படையின் ஆலிசே விமானத்தை ஒரு பாகிஸ்தான் எஃப்-104 வீழ்த்தியது, மூவர் போனார்கள். ஒரே புரொப்பல்லர் கொண்ட, நீர்மூழ்கிகளைத் தேடும் விமானம். நம் பக்கத்தையும் எழுத வேண்டும்: 1999 ஆகஸ்ட் 10 அன்று பாகிஸ்தான் கடற்படையின் அட்லாண்டிக் ரோந்து விமானத்தை நம் மிக்-21 வீழ்த்தியது, அதில் பதினாறு பேர் இருந்தார்கள். அது எந்தப் பக்க எல்லைக்குள் இருந்தது என்ற வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போனது. அதற்குள் நான் போகவில்லை.

இந்த மூன்றிலும் வட்டமும் இல்லை, மலைச்சரிவும் இல்லை. அக்டோபர் 10இல் நான் போட்ட கணக்கு எதுவும் இவற்றுக்கு உதவாது. பீச்கிராஃப்டால் சேபரைவிடச் சிறிய வட்டத்தில் திரும்ப முடிந்திருக்கும் என்று அன்றைய மனநிலையில் எழுதியிருப்பேன். சுற்றித் திரும்பினாலும் ஜஹாங்கீர் கையில் சுடுவதற்கு எதுவும் இல்லை.

2024 நவம்பர் 3

இதை அரசியலாக்க வேண்டாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அரசியலாக எழுதவில்லை. ஜெட்டும் புரொப்பல்லரும் வானத்தில் சந்தித்த உண்மைக் கதைகளைக் கேட்டார்கள். நமக்கு மிக அருகில் நடந்தவை இவை.

2024 நவம்பர் 9

நேற்று பேரனோடு உட்கார்ந்து அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். ஆறாம் வகுப்புப் படிக்கிறான். விமானம் என்றால் சாப்பாடு மறந்துவிடும். டாம்கேட் வரும் இடத்தில் துள்ளுவான் என்று எதிர்பார்த்து, இறக்கை விரிந்திருப்பதைக் காட்டலாம், ஜீரோ உண்மையில் ஹார்வர்டு என்று சொல்லலாம் என்று தயாராக இருந்தேன்.

ஜெட்டுகள் தலையிடுவதற்கு முன், அந்த இரண்டு ஜீரோக்களும் ஒரு தனியார் உல்லாசப் படகைத் தாழ்ந்து வந்து சுடுகின்றன. படகில் ஆயுதம் கிடையாது. சிலர் அங்கேயே இறக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் அந்தக் காட்சியை டாம்கேட் வருவதற்கான முன்னுரையாகவே நான் பார்த்திருக்கிறேன். இத்தனை குறிப்புகளில் ஓரிடத்திலும் அந்தப் படகைப் பற்றி நான் எழுதவில்லை என்பதை இப்போது மேலே போய்ப் படித்து உறுதி செய்துகொண்டேன்.

டாம்கேட்டுகள் சுட்டு முடித்ததும் பேரன் துள்ளவில்லை. 'தாத்தா, அந்தப் போட்ல இருந்தவங்க என்ன ஆனாங்க?' என்று கேட்டான். ரிமோட்டை வாங்கி, அந்தப் படகு முதலில் வரும் இடத்துக்குப் பின்னால் ஓட்டினேன்.